மஞ்சள் டோக்கன்

செப்டம்பர் 28

அடுத்த வாரத்துக்கான டயட் டோக்கன்களை இன்று முடித்தேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த பெண்கள் இருபத்தெட்டுப் பேர். ஒருத்திக்கு ஒரு நாளைக்கு மூன்று டோக்கன். காலையில் பாலும் இரண்டு முட்டையும், மாலையில் சுண்டலும் வாழைப்பழமும், இரவு கோழிக்கறி அல்லது பன்னீர். ஐந்நூற்று எண்பத்தெட்டு மஞ்சள் சீட்டு, எல்லாவற்றிலும் என் சுருக்கொப்பம். பெயர் எழுதுவதில்லை. எழுத உட்கார்ந்தால் ஒரு நாள் போய்விடும்.

டிசம்பர் மூன்றாம் தேதி பல்கலைக்கழகத் தடகளப் போட்டி தொடங்குகிறது. இரண்டு வருடமாக ஒட்டுமொத்தச் சாம்பியன் பட்டம் எங்கள் கல்லூரிக்குத்தான். மூன்றாம் முறையும் வந்தால் என் வேலையை நிரந்தரமாக்குவதாகக் கல்லூரிச் செயலர் சொல்லியிருக்கிறார். பதினொரு வருடமாகப் பயிற்சியாளராகத் தொகுப்பூதியத்தில் இருக்கிறேன். அதை மனதில் வைத்து நான் எதையும் செய்வதில்லை.

அக்டோபர் 3

கோகிலவாணி ஐயாயிரம் மீட்டரை 17 நிமிடம் 48 நொடியில் ஓடினாள். இதுவரை அவள் ஓடியதில் இதுதான் வேகம். எடை போட்டேன், 41.5. ஜூனில் 44 இருந்தாள். எடை குறைந்தால் நெடுந்தூர ஓட்டம் கூடும், இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

இரண்டாம் ஆண்டு வரலாறு. சித்தேரி மலைப் பெண். அவள் அப்பா கேரளத்தில் மிளகு பறிக்கப் போன இடத்தில் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர். அதிகம் பேசமாட்டாள். போன வருடம் அவள் நாடாவைத் தொட்ட படத்தைக் கல்லூரிப் பேருந்துகள் எல்லாவற்றிலும் பின்பக்கம் ஒட்டியிருக்கிறார்கள். இன்று காலை நான் ஸ்கூட்டரில் வரும்போது இரண்டு கிலோமீட்டர் அவள் முகத்துக்குப் பின்னாலேயே வந்தேன்.

அக்டோபர் 9

ஈட்டி எறியும் ரூபிணி ஒரு மனு கொண்டுவந்தாள். இருபத்தெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தங்களுக்கு மாதாமாதம் ஒரு தொகை பணமாக வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

"எதுக்குடி? ஃபீஸ் இல்ல, ஹாஸ்டல் இல்ல, சாப்பாடு தனியா வருது. இன்னும் என்ன குறை?" என்றேன்.

"குறைன்னு சொல்லல மேடம். கோகிலா படம் ஒட்டின பஸ்ஸுக்கு டீசல் போடறாங்கல்ல? பஸ் மேல இருக்கறவளுக்கு என்ன போடறாங்க?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கோகிலா சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முட்டை போடறோம்ல," என்றேன்.

"முட்டையை வீட்டுக்கு அனுப்ப முடியுமா மேடம்?"

நான் கல்லூரிக்காக எண்ணூறு மீட்டர் ஓடிய காலத்தில் எனக்கு யாரும் முட்டைகூடத் தரவில்லை. தந்தது ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழ்தான் இந்த வேலை. இதை ரூபிணியிடம் சொன்னேன். "தெரியும் மேடம், போன வருசமும் சொன்னீங்க," என்றாள். அவளுக்கு வாய் நீளம். ஆனால் எறிந்தால் நாற்பத்தாறு மீட்டர் போகிறது.

மனுவைச் செயலரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

அக்டோபர் 14

மெஸ் பொறுப்பில் இருக்கும் பாவாயி அக்கா கை கழுவும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், உங்க ஓட்டக்காரப் புள்ள முட்டை திங்கறதை நான் பாத்து ஒரு மாசம் இருக்குமுங். ஆனா டோக்கன் மட்டும் ஒண்ணு குறையாம வருது."

"வேற நேரத்துல வந்து சாப்பிடுவாளா இருக்கும்க்கா."

"நான் எந்நேரமும் இங்கதானுங் இருக்கறேன். எனக்கென்ன, டோக்கன் குடுத்தா முட்டை குடுக்கறேன். யாரு கையி குடுத்தா என்ன?"

பாவாயி அக்காவுக்கு எல்லாவற்றிலும் ஒரு குற்றம் கண்டுபிடிக்க வேண்டும். போன மாதம் எரிவாயுக்காரனோடும் சண்டை.

அக்டோபர் 15

கோகிலா எடை 40.6. இந்த வாரம் முதல் அவளுக்கு இரட்டை டோக்கன்.

அக்டோபர் 21

மெஸ்ஸில் காலை உணவைப் பார்வையிட்டேன். பி.காம். படிக்கும் ஒரு பெண் மஞ்சள் டோக்கன் கொடுத்துப் பாலும் முட்டையும் வாங்கிப் போனாள். கையில் தங்க வளையல், ஸ்ட்ரெயிட்டன் செய்த தலைமுடி. அவள் எந்த விளையாட்டும் விளையாடுபவள் அல்ல. ஒருவேளை யாராவது உடம்பு சரியில்லாதவளுக்காக வாங்கிப் போயிருக்கலாம். விடுதியில் அப்படி ஒருவருக்கொருவர் செய்துகொள்வார்கள். நான் கேட்கவில்லை. கேட்டால் எல்லார் முன்னாலும் கேட்டதாக ஆகும்.

என் மகள் மித்ரா பதினொன்றாம் வகுப்பு போய்விட்டாள், இன்னும் பால் குடிக்க அழுகிறாள். டம்ளர் காலியாகும்வரை பக்கத்திலேயே நின்றேன். "எனக்கு என்ன ரெண்டு வயசா அம்மா?" என்றாள். "குடிச்சுட்டுப் பேசு," என்றேன்.

அக்டோபர் 30

செயலர் குழந்தைவேலு ஐயா கூப்பிட்டிருந்தார். மனு அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

"ஏனுங் மேடம், சீட்டு ஃப்ரீ, ரூமு ஃப்ரீ, சோறு ஃப்ரீ. அடுத்து பென்சன் கேப்பாங்களா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பணத்துக்காகச் சொல்லலீங். எனக்கு அது பெருசில்ல. பணம்னு ஒண்ணு குடுத்துட்டோம்னா அப்புறம் அது வேலை. வேலைன்னா அடிபட்டா நஷ்டஈடு, முடியலைன்னா லீவு, கேள்வி, கேஸு. இப்ப அது விளையாட்டு. விளையாட்டாவே இருக்கட்டும். நீங்க ஒரு குறிப்பு எழுதிக் குடுங்க. நிர்வாகம் சொன்னா புள்ளைக மொறைக்கும். நீங்க சொன்னா கேக்கும்."

மதியம் எழுதிக்கொடுத்தேன். பணமாகக் கொடுத்தால் பெண்கள் அதை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், உடம்புக்குச் சேராது, டோக்கனாகக் கொடுப்பதால்தான் ஊட்டச்சத்து உறுதியாகிறது என்று. அரைப் பக்கம். எழுதிய வாக்கியங்களில் ஒன்றிலும் பிழையில்லை. இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

வெளியே வரும்போது, "டிசம்பர் முடியட்டும், உங்க ஃபைலை எடுத்துடலாம்," என்றார்.

நவம்பர் 6

கோகிலா 18 நிமிடம் 52 நொடி. ஓடி முடித்தபின் வெகுநேரம் இடுப்பில் கைவைத்து நின்றாள். நாடி பிடித்துப் பார்த்தேன். பத்து நிமிடம் கழிந்தும் நூற்றுப் பத்து.

டிராக் பேண்ட் பையிலிருந்து எதையோ எடுத்து மென்றுகொண்டிருந்தாள். காட்டச் சொன்னேன். பச்சரிசி.

"பழக்கமாயிடுச்சு மேடம். வாயில போட்டுக்கிட்டே இருக்கணும்போல இருக்குது."

அவள் கை விரித்தபோது உள்ளங்கை அரிசியின் நிறத்திலேயே இருந்தது. பரீட்சை நேரம், தூக்கம் போதாது. இரும்புச்சத்து மாத்திரை ஒரு பட்டை வாங்கிக்கொடுத்தேன்.

நவம்பர் 7

தடம் போடச் சுண்ணாம்புப் பொடி இன்னும் வரவில்லை. மூன்று முறை போன் செய்தேன்.

நவம்பர் 18

விடுதியில் ரத்தப் பரிசோதனை முகாம். எல்லாருக்கும் விரல் நுனியில் குத்தி எடுத்தார்கள். ரூபிணி ஈட்டியைப் பிடிக்கும் கையைக் கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்து இடது கையைக் கொடுத்தாள்.

நவம்பர் 19

முகாம் தாள்கள் என்னிடம் வந்தன. கோகிலவாணி, ஹீமோகுளோபின் 6.9. பக்கத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "உடனடியாக மருத்துவரைப் பார்க்கவும்" என்று எழுதியிருந்தது. முகாம் கருவிகள் சில சமயம் தவறாகவும் காட்டும்.

சுண்ணாம்பு வந்துவிட்டது. பன்னிரண்டு மூட்டை. இரண்டு மூட்டை ஈரம்.

மாலையில் அவளை அறைக்குக் கூப்பிட்டேன்.

"டோக்கனெல்லாம் என்ன பண்றே?"

"சாப்பிடறேன் மேடம்."

"எல்லாமா?"

"எல்லாமே மேடம்."

"ரெட்டையா குடுத்தும் எடை ஏறலையே?"

"எங்க வம்சமே ஒல்லி மேடம்," என்று சிரித்தாள். ஈறு வெளுத்திருந்தது. ஒரு மாணவி இப்படி நேராகச் சொல்லும்போது நம்புவதுதான் முறை. ரத்தத் தாளை அவளிடம் காட்டவில்லை. போட்டி நெருங்கும்போது பயமுறுத்தக் கூடாது.

நவம்பர் 25

உடற்தகுதிச் சான்றிதழ்கள். கல்லூரி மருத்துவர் வியாழக்கிழமை வந்து வெற்றுத் தாள்களில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார், நான் நிரப்பிக்கொள்வேன். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். எத்தனையோ கல்லூரிகளில் இப்படித்தான்.

இருபத்தெட்டையும் நிரப்பினேன். இருபத்தேழு அரைமணியில் முடிந்தன. தேநீர் குடித்துவிட்டு வந்து கடைசியை எழுதினேன்.

டிசம்பர் 3

முதல் நாள். ஐயாயிரத்தில் கோகிலா மூன்றாவதாக வந்தாள். நேரம் மோசம், ஆனால் போட்டிக்கு வந்தவர்களும் அப்படித்தான். ரூபிணிக்கு முதலிடம். இரண்டாம் இடத்தில் உள்ள கல்லூரியைவிடப் பதினொரு புள்ளி முன்னால் இருக்கிறோம். நாளைக் காலை பத்தாயிரம் மீட்டர்.

தங்கியிருக்கும் மண்டபத்தில் மாடிப்படி ஏறும்போது கோகிலா நடுவில் உட்கார்ந்துவிட்டாள். செருப்பு வார் அறுந்துவிட்டது என்றாள். வார் அறுந்திருக்கவில்லை.

டிசம்பர் 4

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆறரை மணிக்கு ஓட்டம். ஆறு மணிக்கு அவள் என்னிடம் வந்து, "மேடம், நான் இன்னிக்கு ஓடணுமா?" என்று கேட்டாள்.

"உனக்கு என்ன தோணுது?" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "ஓடறேன் மேடம்," என்றாள். முடிவை அவளிடமே விட்டேன்.

இருபத்தைந்து சுற்று. பத்தொன்பதாம் சுற்றில் நான்காவதாக வந்துகொண்டிருந்தாள். விழவில்லை. தடத்தைவிட்டு உள்பக்கப் புல்லில் இறங்கி, பேருந்தில் இடம் கிடைத்தவள் உட்காருவதுபோல மெதுவாக உட்கார்ந்தாள். ரூபிணிதான் முதலில் ஓடினாள். நான் போய்ச் சேர்ந்தபோது கோகிலாவின் உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. கண் திறந்திருந்தது. "எந்திரிச்சுடறேன் மேடம்," என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

அரசு மருத்துவமனை. அவசரப் பிரிவு. ரத்தம் ஏற்றுகிறார்கள்.

ஐயாயிரத்தில் அவள் வாங்கிய புள்ளிகள் இருந்ததால் நான்கு புள்ளி வித்தியாசத்தில் ஒட்டுமொத்தச் சாம்பியன் பட்டம் எங்களுக்கே வந்தது. கோப்பையை ரூபிணி வாங்க மறுத்துவிட்டாள். நான்தான் மேடையேறி வாங்கினேன்.

டிசம்பர் 5

ஹீமோகுளோபின் 5.2. இதயம் வீங்கியிருக்கிறது என்கிறார்கள். உயிருக்கு இப்போதைக்குப் பயமில்லை. பெண் மருத்துவர் ஒருவர் என்னை வராந்தாவுக்கு அழைத்துவந்தார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர்.

"இந்தப் பொண்ணு ஃபிட்டுன்னு யாரு சர்டிபிகேட் குடுத்தது?"

"காலேஜ் டாக்டர்."

"அவரு இந்தப் பொண்ணைப் பாத்தாரா?"

"தெரியலைங்க," என்றேன்.

பல்கலைக்கழகத்துக்கு எழுதப்போவதாகச் சொன்னார்.

ரூபிணி படுக்கைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "டோக்கனை அவ வித்துட்டு இருந்தா மேடம்," என்றாள். "உங்களுக்குத் தெரியாதுல்ல?"

டிசம்பர் 8

சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கோகிலாவின் அப்பா வந்திருக்கிறார். பெயர் சடையன். இரண்டு கையிலும் கம்பு ஊன்றி, மூன்று பேருந்து மாறி வந்திருக்கிறார். என்னைத் திட்டுவார் என்று நினைத்து, சொல்ல வேண்டியதையெல்லாம் வழியிலேயே யோசித்து வைத்திருந்தேன். அவர் கும்பிட்டார்.

"ஆறு மாசத்துக்கு ஓடக் கூடாதுங்கறாங்க டீச்சரம்மா. அதுவரைக்கும் அவ சம்பளத்துல பாதியாச்சும் குடுப்பாங்களா? முழுசா கேக்கல. வேலை செய்யாம முழுசா கேக்கறது தப்பு."

கோகிலா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை என்பது தெரிந்தது. இமை அசைந்துகொண்டிருந்தது.

எந்தச் சம்பளம் என்று நான் கேட்கவில்லை.

"ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேங்க," என்றேன்.

டிசம்பர் 9

பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டதாம். நாளை பதினொரு மணிக்குக் கல்லூரியிலேயே விசாரணை. பெண்கள் யாரும் மைதானத்துக்கு வரவில்லை. தடத்தில் போட்ட சுண்ணாம்புக் கோடு காற்றில் பாதி அழிந்திருக்கிறது. மதியம் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 10

விசாரணை என்றால் மூன்று பேர் கேள்வி கேட்பார்கள் என்று நினைத்தேன். செயலர் மட்டும் இருந்தார். தட்டச்சு செய்த ஒரு தாள் மேஜைமேல் தயாராக இருந்தது. கீழே என் பெயர்.

கல்லூரி எல்லா விளையாட்டு மாணவிகளுக்கும் சத்தான உணவு வழங்கிவருகிறது. மேற்படி மாணவி அந்த உணவுச் சீட்டுகளைச் சக மாணவிகளுக்கு விற்று, விதிகளை மீறி, தன் உடல்நலக் கேட்டுக்குத் தானே காரணமாகியுள்ளார். இது அவருடைய பயிற்சியாளராகிய எனக்குத் தெரியாமல் நடந்தது.

"படிச்சுட்டீங்களா? கையெழுத்துப் போடுங்க."

"இதுல போட்டா அவ காலேஜ் சீட்டு போயிருமுங்களே."

"அவ இனி ஓட முடியாதுங்களே மேடம். சீட்டு எதுக்கு?" கோபமில்லாமல்தான் சொன்னார். "ஆஸ்பத்திரிச் செலவு ஏதாச்சும் வந்தா நான் பாத்துக்கறேன். உங்க ஆர்டரும் டைப் ஆகிட்டிருக்கு."

தாளை என் பக்கம் திருப்பினேன். என் பெயருக்கு மேல் மூன்று வரி எழுதும் அளவுக்கு இடம் இருந்தது. "தெரியாமல்" என்ற சொல்லை அடித்துவிட்டு, அந்தக் காலி இடத்தில் பேனாவால் எழுதினேன்.

டோக்கன்கள் விற்கப்படுவது அக்டோபர் 14 முதல் எனக்குத் தெரியும்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகும் அவளுக்கு உடற்தகுதிச் சான்றிதழை நிரப்பியது நான்தான்.

மாணவிகள் கேட்டபடி மாதாமாதம் பணமாகக் கொடுத்திருந்தால் அவள் தன் சாப்பாட்டை விற்றிருக்க மாட்டாள்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.  

செயலர் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தோள்கள் தளர்ந்தன. ஒரு பெரிய சுமை இறங்கியவரைப்போல நாற்காலியில் சாய்ந்தார். பிறகு முன்னால் குனிந்து, அளவுகோலை வைத்து, மூன்றாவது வரியை மட்டும் நேராக ஒரு கோடு போட்டு அடித்தார்.

"மொத ரெண்டும் நீங்க செஞ்சது. சொல்றீங்க, நான் வேண்டாங்கலை. மூணாவது நிர்வாக விசயம், உங்களுக்குச் சம்பந்தமில்லை. அடிச்ச எடத்துல சுருக்கொப்பம் போட்டுடுங்க."

"போட மாட்டேனுங்க."

"சரி, போடாட்டியும் பரவாயில்லை," என்றார். தாளை உறையில் போட்டார். "இனிமே நீங்க மைதானத்துப் பக்கம் வர வேண்டியதில்லை மேடம். சாவியை ஆபீஸ்ல குடுத்துருங்க."

என்ன செய்தேன் என்பது வாசல் தாண்டிய பிறகுதான் உறைத்தது. கோகிலா தப்பு செய்தாள் என்று எழுதிய வாக்கியம் அப்படியே இருக்கிறது. நான் தப்பு செய்தேன் என்பதும் அதனோடு சேர்ந்துகொண்டது. வேறு யாரும் அந்தத் தாளில் இல்லை.

சாவியைக் கொடுத்துவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போனேன். கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா.

சடையன் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கம்புகளை ஒதுக்கி எனக்கு இடம் விட்டார்.

"கேட்டீங்களா டீச்சரம்மா?"

"சம்பளம்னு ஒண்ணும் இல்லீங்க. அவளுக்கு எப்பவுமே சம்பளம் குடுத்ததில்லை."

அவருக்குப் புரியவில்லை. தப்பாகச் சொல்கிறவளைப் பார்ப்பதுபோல என்னைப் பொறுமையாகப் பார்த்தார்.

"இல்லீங்களே. மாசம் தவறாம அனுப்பினாளே. சாப்பாட்டுக்குப் பிடிச்சது போக மீதின்னு சொல்லுவா. அவங்கம்மாகூட போன்ல சொல்லுவா, நல்லா வயிறு நெறையச் சாப்பிடு கண்ணு, எவ்வளவு பிடிச்சாலும் பிடிச்சுக்கட்டும்னு. சாப்பாட்டுக்குப் பிடிச்சாங்க இல்ல?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"பிடிச்சாங்க," என்றேன். "அதை மட்டுந்தான் பிடிச்சாங்க. மீதின்னு ஒண்ணு இல்லீங்க. அவ அனுப்பினது அந்தச் சாப்பாட்டை வித்த காசுங்க."

 வார்டுக்குள்ளே சாப்பாட்டு வண்டி வந்த சத்தம் கேட்டது. அவர் கம்புகளை எடுத்துக்கொண்டு எழுந்து, என்னைத் திரும்பிப் பார்க்காமல், மகள் சாப்பிடுகிறாளா என்று பார்க்க உள்ளே போனார்.